புரொஜெஸ்டரோன் தொடங்கிய பின் காலை மயக்கமும் மனச்சோர்வும்: இது குறையுமா?

வாவிக்கரை ஆசிரியை, மட்டக்களப்பு

எனக்கு 49 வயது. கல்லடியில் வசிக்கிறேன், பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். ஒன்றரை ஆண்டாக மாதவிடாய் ஒழுங்கற்றுப் போனதோடு, இரவில் படுக்கை விரிப்பு நனையும்படி வியர்த்து விழிப்பதும் வழக்கமாகிவிட்டது. கச்சான் காற்றின் கொடுமை என்றே முதலில் நினைத்திருந்தேன். காற்று ஓய்ந்து மாரி மழை தொடங்கிய பின்னரும் வியர்வை ஓயாததால்தான் பெண்நோயியல் நிபுணரிடம் சென்றேன். அவர் நாள்தோறும் 1 மி.கி. ஈஸ்ட்ரடையோல் (ஈஸ்ட்ரஜன் வகை) குளிசையும், 28 நாள் சுற்றின் பிற்பாதியில் 12 இரவுகளுக்கு 200 மி.கி. புரொஜெஸ்டரோன் கப்சூலும் எழுதித் தந்தார்.

வியர்வை நன்றாகக் குறைந்துவிட்டது. ஆனால் அந்தப் 12 இரவுகளும் அவற்றைத் தொடர்ந்து வரும் காலைகளும்தான் பிரச்சினை. முதலாம் பாடவேளையில் தரம் 11 மாணவர்களுக்குச் சமன்பாடொன்றை எழுதிக்கொண்டிருந்தபோது அடுத்த படி எதுவென்று தெரியாமல், வெண்கட்டியோடு மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வயிறு ஊதி, மார்பகம் நொந்து, இரவிக்கைக் கொளுக்கியைப் பூட்டுவதே பெரும்பாடாகிறது. மகன் சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று சொன்னதற்கு அரை மணி நேரம் அழுதேன். இரண்டாம் தடவை சென்றபோது இவற்றைச் சொன்னேன். வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள், “பழகிவிடும்” என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவிட்டார்.

என் அம்மா கருப்பையை அகற்றிய பின் ஈஸ்ட்ரஜன் மட்டுமே எடுத்தார், அவருக்கு இத்தகைய தொல்லை எதுவும் இருக்கவில்லை. நானும் இந்தக் கப்சூலை விட்டுவிட்டு ஈஸ்ட்ரஜனை மட்டும் எடுத்தால் என்ன?

ஓய்வுபெற்ற தாதி, கல்முனை

தங்கச்சி, உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன்: அதை மட்டும் செய்யாதீர்கள். அம்மாவுக்குக் கருப்பை இல்லை, உங்களுக்கு இருக்கிறது. வேறுபாடு முழுவதும் அங்கேதான். ஈஸ்ட்ரஜன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்யும். அதை அடக்கி, மாதாமாதம் கழிந்துபோக வைப்பது புரொஜெஸ்டரோன். அது இல்லாமல் ஈஸ்ட்ரஜனை மாதக்கணக்கில் தொடர்ந்தால் உட்சவ்வு மிகையாக வளர்ந்து, காலப்போக்கில் புற்றுநோய் வரை போகலாம். இரண்டையும் நிறுத்துவது ஒரு முடிவு, அதை வைத்தியருடன் பேசி எடுக்கலாம். ஒன்றை மட்டும் இரகசியமாக நிறுத்துவதுதான் ஆபத்து. வாயைத் திறந்து சொல்லாமல் அப்படி நிறுத்திவிட்டு, பெரும் இரத்தப்போக்கோடு வைத்தியசாலை விடுதிக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மயக்கம். வாய்வழியாக விழுங்கும் புரொஜெஸ்டரோனின் பெரும் பகுதியை ஈரல் வேறு பொருள்களாக மாற்றிவிடுகிறது. அவற்றுள் ஒன்றான அலோபிரெக்னனோலோன், தூக்கக் குளிசைகள் தொடும் அதே காபா ஏற்பிகளைத்தான் மூளையில் தொடுகிறது. ஆகவே உங்களுக்கு வரும் மந்தம் மனப்பிரமை அல்ல, மருந்தின் இயல்பான வேலை. படுக்கைக்குப் போகும் வேளையில் எடுக்கச் சொல்வதும் இதனால்தான். சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்தில் சேரும் அளவு கூடும் என்பதை அவசரத்தில் பலரும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நீங்கள் கப்சூலை எத்தனை மணிக்கு, சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து விழுங்குகிறீர்கள் என்று எழுதவில்லையே? கொப்பிகளைத் திருத்தி முடித்துப் பத்தரை மணிக்குச் சோறு சாப்பிட்டு, அதே தண்ணீரில் கப்சூலையும் விழுங்குபவராக இருந்தால், மறுநாள் முதலாம் பாடவேளை அப்படித்தான் இருக்கும்.

வயிற்று ஊதலும் மார்பக நோவும் பெரும்பாலானோருக்கு முதல் இரண்டு மூன்று மாதங்களில் தணியும். மனச்சோர்வைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்லமாட்டேன். மாதவிடாய்க்கு முந்திய நாள்களில் முன்பே அதிகம் சோர்ந்துபோகிறவராக இருந்தால் இந்த ஹோர்மோன் உங்களுக்கு ஒத்துவராமலும் போகலாம், அதை வைத்தியர் அறிந்திருக்க வேண்டும். கப்சூல் எடுக்கும் நாள்களையும் அழுகை வந்த நாள்களையும் ஒரு நாட்காட்டியில் குறித்துக்கொண்டு போங்கள். இருபது பேர் காத்திருந்தாலும் அந்தத் தாளைப் பார்க்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் நோவும், நெஞ்சு நோ, மூச்சுத்திணறல் ஆகியவை வந்தால் நாட்காட்டியைத் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

அக்கரைப்பற்று வாசகி

எனக்கு 53 வயது. மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள். ஆகவே எனக்கு இடைவெளி இல்லாமல் ஒவ்வோர் இரவும் 100 மி.கி. தருகிறார்கள். முதல் நான்கு மாதங்கள் சொட்டுச் சொட்டாக இரத்தம் பட்டுக்கொண்டே இருந்தது. மயக்கத்தை விட அதுவே எனக்குப் பெரிய மன உளைச்சல், ஏனென்றால் தொழுகையும் நோன்பும் அதில் தங்கியிருக்கின்றன. மார்க்கத்தை மௌலவியிடமும் மருத்துவத்தை வைத்தியரிடமும் தனித்தனியே கேட்டுத் தெளிந்தேன். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை இப்படி வருவது வழமை என்றும், அதற்கு மேல் நீடித்தாலோ, நின்றுபோன பின் மீண்டும் தொடங்கினாலோ ஸ்கேன் செய்து உட்சவ்வின் தடிப்பைப் பார்க்க வேண்டும் என்றும் வைத்தியர் சொன்னார். எனக்கு ஐந்தாம் மாதம் நின்றது.

ரமழானில்தான் சிரமப்பட்டேன். தராவீஹ் தொழுகை முடிந்து பதினொரு மணிக்குக் கப்சூல், மூன்றரைக்கு ஸஹர் சாப்பாடு. எழுந்து அடுப்பைப் பற்றவைத்தது நினைவிருக்கிறது, கஞ்சி அடிப்பிடித்தது நினைவில்லை! பிறகு வைத்தியர் சொன்னபடி அதே கப்சூலை யோனிவழியாக வைக்கத் தொடங்கினேன். ஈரலைக் கடக்காமல் நேரே கருப்பையைச் சென்றடைவதால் தலைப்பாரம் வெகுவாகக் குறைந்துவிட்டது. கூச்சத்தை விட்டுக் கேட்டுப் பாருங்கள், சகோதரி. ஆனால் நாமாக மாற்றிக்கொள்வதல்ல, அளவையும் நாள்களையும் அவரே சொல்ல வேண்டும்.

பாமசிக்காரர், களுவாஞ்சிக்குடி

ஒரு சிறு குறிப்பு. சில நிறுவனங்களின் புரொஜெஸ்டரோன் கப்சூலில் கச்சான் எண்ணெய் உண்டு (காற்றல்ல, கடலை). கச்சான் ஒவ்வாதவர்கள் பெட்டியில் உள்ள தாளை வாசித்த பின்னரே எடுக்க வேண்டும். வலிப்புக்குக் கார்பமசெபின் போன்ற மருந்து எடுப்பவர்களும் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும், ஏனெனில் அது இந்த ஹோர்மோன்களின் அளவைக் குறைத்துவிடும். புரொஜெஸ்டரோன் ஒத்துவராவிட்டால் டைட்ரோஜெஸ்டரோன், நோரெதிஸ்டரோன் என்று வேறு வகைகளும், கருப்பைக்குள் வைக்கும் லெவோநோர்ஜெஸ்ட்ரெல் சாதனமும் இருக்கின்றன. ஆனால் “அதே மருந்துதானே” என்று சொல்லி, வைத்தியரின் துண்டு இல்லாமல் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கேட்டு வருபவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

வாவிக்கரை ஆசிரியை, மட்டக்களப்பு

கல்முனை அக்கா எழுதியதை வாசித்துச் சிரித்துவிட்டேன். பத்தரை மணிச் சோறு, அதே தண்ணீர், அச்சொட்டாக அதுவேதான். இந்தச் சுற்றில் இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முடித்துவிட்டு, பத்து மணிக்குக் கப்சூலை விழுங்கி உடனே படுத்தேன். காலை மந்தம் பாதியாகக் குறைந்திருக்கிறது. மார்பக நோ அப்படியே இருக்கிறது. அழுகை 12 நாள்களில் நான்கு நாள்கள் வந்தது, நான்கும் கடைசி வாரத்தில். நாட்காட்டியைக் கொண்டுபோய்க் காட்டினேன், இந்த முறை வைத்தியர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். அடுத்த சுற்றிலிருந்து 200 மி.கி. 12 இரவுகளுக்குப் பதிலாக 100 மி.கி. 25 இரவுகள் எடுத்துப் பார்க்கலாம், அதுவும் சரிவராவிட்டால் யோனிவழியைப் பற்றிப் பேசலாம் என்றார். ஈஸ்ட்ரஜனை மட்டும் எடுக்க நினைத்திருந்ததையும் சொல்லிவிட்டேன். அதற்குக் கிடைத்த ஏச்சு, அக்கா தந்ததை விடச் சற்று அதிகம்.