அமிர்தசரஸில் என் ஷூவைத் துடைத்தவர் – உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

திரியைத் தொடங்கியவர்

போன பிப்ரவரியில் அமிர்தசரஸ் போயிருந்தேன். பக்தி, வேண்டுதல் எதுவும் கிடையாது. ஜலந்தரில் அலுவலக வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது, திரும்பும் ரயிலுக்கு ஒன்றரை நாள் இருந்தது, அவ்வளவுதான்.

பொற்கோயிலில் காலணி வைக்கும் இடத்தை ஜோடா கர் என்கிறார்கள். நம் ஊர்க் கோயில் வாசலில் செருப்பு எப்படிப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும்: டோக்கன், கோணிப்பை, காலால் ஒரு தள்ளு. அதே பழக்கத்தில் ஷூவைக் கழற்றிக் காலாலேயே உள்ளே தள்ளினேன். உள்ளே நின்ற பெரியவர் குனிந்து இரண்டு கையாலும் அதை எடுத்தார். வெள்ளைத் தாடி, நீலத் தலைப்பாகை, மடிப்புக் கலையாத சட்டை. தோளில் கிடந்த துணியால் ஓரத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு எண் போட்ட உலோக வில்லையைக் கையில் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வேண்டாம் என்று அரைகுறை இந்தியில் ஏதோ சொன்னேன். அவர் அதற்குள் அடுத்த ஜோடியை எடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற பையன்தான் சொன்னான், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவராம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவாராம்.

லங்கரைப் பற்றி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். ஒரு நாளைக்கு ஐம்பதாயிரம் பேருக்குக் குறையாமல் இலவசச் சாப்பாடு, விசேஷ நாளில் லட்சம். எனக்கு மனதில் நிற்பது வேறு. ரொட்டி பரிமாறுகிறவர் வரும்போது நான் ஒரு கையை நீட்டினேன். அவர் போடவில்லை. அப்படியே நின்றார். எதிரே இருந்த பாட்டி தன் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்துக் காட்டினாள். நானும் சேர்த்து ஏந்திய பிறகுதான் ரொட்டி விழுந்தது. வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை அங்கே பங்கத் என்கிறார்கள். நம் பந்தியும் அதுவும் ஒரே வேர்ச்சொல். ஆனால் நம் பந்தியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு பெரிய வரலாறே உண்டு, அதை இங்கே இழுக்கவில்லை.

ராத்திரி பத்து மணி வரை இருந்தேன். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிபைப் பல்லக்கில் வைத்து, எதிரே இருக்கும் அகால் தக்த்துக்குத் தூக்கிப் போனார்கள். சீக்கிய மதத் தலைமையின் பீடம் அது. பல்லக்குக்குத் தோள் கொடுக்க ஒரே முண்டியடிப்பு. அகால் தக்த் அருகில் பக்கம் பக்கமாக இரண்டு கொடிமரங்கள் நிற்கின்றன. ஒன்று பீரி, அதாவது ஆன்மிகம். இன்னொன்று மீரி, அதாவது ஆட்சி. அப்பா குரு அர்ஜன் 1606இல் லாகூரில் முகலாயர் கையில் கொல்லப்பட்ட பிறகு, மகன் குரு ஹர்கோபிந்த் இரண்டு வாள் கட்டிக்கொண்டதில் தொடங்கியது இது. நமக்கெல்லாம் கோயில் வேறு, கோட்டை வேறு. அங்கே இரண்டுக்கும் நடுவில் சில அடி தூரம்.

அந்த இடத்தில் நிற்கும்போது சட்டென்று சுர்ஜித் சிங் பர்னாலா ஞாபகம் வந்தார். நம் கவர்னராக இருந்தவர். நீலத் தலைப்பாகையோடு டிவியில் பார்த்திருப்பீர்கள். 1985இல் பஞ்சாப் முதல்வரானார். 1986 ஏப்ரல் கடைசியில் பொற்கோயிலுக்குள் தீவிரவாதிகள் காலிஸ்தான் என்று தனி நாடு பிரகடனம் செய்ததும் போலீசை உள்ளே அனுப்பினார். அதற்கு மதத் தலைமை அவருக்குத் தண்டனை கொடுத்தது. பதவியில் இருக்கும் முதல்வர் வந்து உட்கார்ந்து பக்தர்களின் செருப்பைத் துடைத்தார். அடுத்த வருஷம் மே மாதம் தில்லி அவருடைய ஆட்சியைக் கலைத்தது, தீவிரவாதத்தை அடக்கவில்லை என்று. ஒரு பக்கம் அடக்கியதற்குத் தண்டனை, இன்னொரு பக்கம் அடக்காததற்கு. 1988இல் மறுபடியும் அகால் தக்த் முன்னால் போய் நின்றார். கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக் கயிற்றால் தூணில் கட்டினார்கள்.

அந்த மனிதர்தான் 1990இல் சென்னைக்குக் கவர்னராக வந்தார். 1991 ஜனவரியில் திமுக ஆட்சியைக் கலைக்க அறிக்கை கொடுக்கச் சொல்லி நெருக்கியபோது கொடுக்க மறுத்துவிட்டார். 356ஆம் பிரிவில் கவர்னர் அறிக்கையின் பேரில் "அல்லது வேறு வகையில்" என்று ஒரு சொல் இருக்கிறது, அதை வைத்துக் கலைத்தார்கள். இவரைப் பீகாருக்கு மாற்றினார்கள், போகாமல் ராஜினாமா செய்தார். அப்பா இதை அடிக்கடி சொல்வார். ஆனால் செருப்புத் துடைத்த கதையை அவர் சொன்னதில்லை, தெரிந்திருக்காது. எனக்கு இப்போது இரண்டும் ஒரே கதையாகத் தெரிகிறது.

சரி, உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்.

திருப்பூர்க்காரன்

பன்னிரண்டு வருஷமாக லூதியானா போய் வருகிறேன். நாம் பனியன், அவர்கள் ஸ்வெட்டர். ஒரு சர்தார்ஜி ஓட்டலில் தங்கவே விடமாட்டார், வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அந்த வீட்டில் நாலு மணிக்கெல்லாம் விளக்கு எரியும். அவருடைய மனைவி ஜப்ஜி என்ற காலைப் பிரார்த்தனையைச் சொல்லிக்கொண்டே அடுப்பு பற்றவைப்பார். கடைசியில் எல்லோரும் எழுந்து நின்று அர்தாஸ் என்று ஒரு பிரார்த்தனை. பல வருஷம் அர்த்தம் தெரியாமல் கூடவே நின்றிருக்கிறேன். ஒரு தடவை மகளிடம் கேட்டேன், அது வரி வரியாகச் சொன்னது: உறுப்பு உறுப்பாக வெட்டப்பட்டவர்கள், மண்டைத்தோல் உரிக்கப்பட்டவர்கள், சக்கரத்தில் கட்டி நொறுக்கப்பட்டவர்கள், ரம்பத்தால் அறுக்கப்பட்டவர்கள், இவர்களையெல்லாம் நினைத்து வாஹே குரு சொல்லுங்கள். எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. விடிகாலையில் சொல்லுகிற விஷயமா இது? ஆனால் கடைசி வரி "சர்பத் தா பலா", எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும் என்று முடிகிறது. முடிந்ததும் அந்த அம்மா சாதாரணமாக, பராட்டாவுக்கு முள்ளங்கியா உருளைக்கிழங்கா என்று கேட்பார்.

அரசியல் பேச்செடுத்தால் சர்தார்ஜி நழுவிவிடுவார். ஒரே ஒரு முறை சொன்னார்: "வருஷம் முழுக்க எங்களைச் சந்தேகப்படுவார்கள். தேர்தல் வந்தால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எங்கள் குருத்வாராவிலேயே போட்டோ எடுத்துக்கொள்வார்கள்." இதில் எந்தக் கட்சியையும் அவர் விடவில்லை.

தில்லியில் வளர்ந்தவள்

இதை இதுவரை எங்கும் எழுதியதில்லை. 1984இல் எனக்கு ஒன்பது வயது. மேற்கு தில்லியில் வாடகை வீடு, மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரர்கள் சீக்கியர்கள். அவர்கள் பையனும் நானும் ஒரே வகுப்பு.

ஜூனில் ராணுவம் பொற்கோயிலுக்குள் போனபோதே கீழ்வீட்டில் சத்தம் அடங்கிவிட்டது. குரு அர்ஜன் நினைவுநாளுக்கு வந்த யாத்திரிகர்கள் உள்ளே மாட்டிக்கொண்ட நேரம் அது. அகால் தக்த் இடிந்து கிடக்கும் படம் பேப்பரில் வந்த அன்று அந்த வீட்டுத் தாத்தா சாப்பிடவில்லை. கோயிலுக்குள் ஆயுதங்களோடு இருந்த தீவிரவாதிகளின் தலைவர் பிந்தரன்வாலேயைக் கண்டாலே அவருக்கு ஆகாது. கோயிலைக் கோட்டையாக்கிவிட்டான் என்று திட்டுவார். ஆனாலும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 31 பிரதமர் இந்திரா காந்தியை அவருடைய சீக்கிய மெய்க்காவலர்களே சுட்டார்கள். மறுநாள் காலையில் தெருமுனையில் புகை. டயர் எரியும் நாற்றம் மாடிக்கு வந்தது. அப்பா இறங்கிப் போய், கேட்டில் இருந்த பெயர்ப்பலகையை ஸ்க்ரூடிரைவரால் கழற்றினார். கை நடுங்கியதில் ஒரு திருகு சாக்கடையில் விழுந்தது. கீழ்வீட்டுக்காரர்கள் எங்கள் படுக்கையறையில் மூன்று நாள் இருந்தார்கள்.

இரண்டாம் நாள் ராத்திரி அந்த ஆன்ட்டி என் அம்மாவிடம் கத்தரிக்கோல் கேட்டார். ரவிக்கைத் துணி வெட்டும் பெரிய கத்தரி. பையனை ஸ்டூலில் உட்காரவைத்தார். அவன் அழவில்லை, எனக்குத்தான் அழுகை. பிறந்ததிலிருந்து வெட்டாத முடி, இடுப்பு வரை இருந்தது. அதைக் கீழே விழவிடாமல் கொத்துக் கொத்தாகத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டே வந்தார். வெட்டி முடித்ததும் அவன் பின்கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். தாத்தாவிடமும் கேட்டார்கள். அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. யமுனைக்கு அந்தப் பக்கம் திரிலோக்புரியில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அரசுக் கணக்கிலேயே தில்லியில் மட்டும் 2,733 பேர். கும்பலை நடத்தியவர்களில் ஒரு பெரிய அரசியல்வாதிக்கு ஆயுள் தண்டனை கிடைக்க 2018 டிசம்பர் வரை ஆனது, 34 வருஷம்.

2005 ஆகஸ்டில் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அன்று அவனுக்குப் போன் செய்தேன். கனடாவில் இருக்கிறான், மறுபடி முடி வளர்த்துத் தலைப்பாகை கட்டுகிறான். "அத்தனை வருஷம் கழித்து மன்னிப்புக் கேட்க ஆள் தேவைப்பட்டபோது, அதற்கும் ஒரு சர்தார்தான் கிடைத்தார், பார்த்தாயா" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

பெயர் வேண்டாம்

மேலே எழுதிய அம்மாவின் பதிவைப் படித்துவிட்டு அரைமணி நேரம் கழித்து எழுதுகிறேன். இதைச் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னோடு புனேயில் வேலை பார்த்தவர் ஜலந்தர் பக்கத்து இந்து. அவருடைய மாமா 80களின் கடைசியில் பேருந்தில் போகும்போது கொல்லப்பட்டார். தீவிரவாதிகள் பேருந்தை நிறுத்தி, தலைப்பாகை இல்லாத ஆண்களாகப் பார்த்து இறக்கிச் சுட்டார்கள். பஞ்சாபில் இந்துக்கள் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவு, அங்கே சிறுபான்மை அவர்கள். அவர் வீட்டில் இன்றும் வெள்ளிக்கிழமை ஒருவர் குருத்வாராவுக்குப் போவார், அது அந்தப் பக்க இந்துக்களுக்குச் சாதாரணம். மாமா செத்த வருஷம் மட்டும் போகவில்லையாம்.

களப்பணி மாணவி

ஆராய்ச்சிக்காக சங்ரூர் மாவட்டத்தில் மூன்று மாதம் இருந்தேன். லங்கரைப் பார்த்துவிட்டு சீக்கியத்தில் சாதி இல்லை என்று நம்பிப் போனவள் நான். போன ஊரில் இரண்டு குருத்வாரா, இரண்டு சுடுகாடு. நிலம் வைத்திருக்கும் சாதியான ஜாட்டுகளுக்கு ஒன்று, தலித்துகளுக்கு ஒன்று. பஞ்சாப் மக்கள்தொகையில் தலித்துகள் ஏறக்குறைய 32 சதவீதம், வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு கிடையாது. ஆனாலும் 2021இல்தான் முதல் தலித் முதல்வர், அதுவும் தேர்தலுக்குச் சில மாதம் முன்பு.

ஊர்ப் பொதுநிலத்தில் மூன்றில் ஒரு பங்கு தலித்துகளுக்குக் குத்தகை விட வேண்டும் என்பது சட்டம். அதற்கே ஜாட்டுகள் பினாமி ஆள் வைத்து ஏலம் எடுப்பார்கள். அதை எதிர்த்துப் போராடிய ஒரு மஜபி சீக்கியப் பெண்மணி (மஜபி என்பது தலித் சாதி) எனக்கு ஒரு கதை சொன்னார். 1675இல் தில்லியில் ஔரங்கசீப் ஆட்சி சீக்கியர்களின் ஒன்பதாவது குருவான தேக் பகதூரின் தலையை வெட்டியது. அந்தத் தலையை யாருக்கும் தெரியாமல் துணியில் சுற்றி ஆனந்த்பூருக்குக் கொண்டுவந்தவர் பாய் ஜைதா, அவர்கள் சாதிக்காரர். மகன் குரு கோபிந்த் சிங் அவரைக் கட்டித் தழுவி, நீங்கள் குருவின் பிள்ளைகள் என்றாராம். இதைச் சொல்லி முடித்துச் சாணி மிதித்த காலை வாய்க்காலில் கழுவிக்கொண்டே சொன்னார்: "தலையைத் தூக்கி வந்தது எங்கள் ஆள். நிலம் அவர்களிடம் இருக்கிறது."

அவர் மதத்தை விடவில்லை. வீட்டில் குருவின் படத்துக்குப் பக்கத்தில் அம்பேத்கர் படம். நான் ஏன் என்று கேட்டதற்கு, கேள்வியே புரியாத மாதிரி பார்த்தார்.

ஆட்டோ ஓட்டி

நான் வடக்கே போனதில்லை. தி.நகர் ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் சாப்பிட்டிருக்கிறேன், பல தடவை. தலையில் கைக்குட்டை கட்டணும், அவ்வளவுதான் கேட்பாங்க. பேர் கேட்டதில்லை.

திரியைத் தொடங்கியவர்

எல்லோருக்கும் நன்றி. சங்ரூர் பதிவைப் படித்தபின் என் முதல் பதிவில் லங்கரைப் பற்றிக் கொஞ்சம் உருகிவிட்டேனோ என்று தோன்றுகிறது. ஆனால் மாற்றப் போவதில்லை, அன்று தோன்றியது அதுதான். நானும் கேட்டுப் பார்த்தேன், பொற்கோயில் கருவறையில் பெண்கள் கீர்த்தனை பாட விடுவதில்லையாம். மாற்றச் சொல்லி 2019இல் பஞ்சாப் சட்டசபையே தீர்மானம் போட்டிருக்கிறது.

பர்னாலாவைப் பற்றி எழுதியதில் இன்னொன்று: செருப்புத் துடைக்கும் தண்டனை அவரோடு முடியவில்லை. 2024 டிசம்பரில் முன்னாள் துணை முதல்வர் சுக்பீர் பாதல் கழுத்தில் அட்டை, கையில் ஈட்டியோடு பொற்கோயில் வாசலில் சேவை செய்ய உட்கார்ந்தபோது ஒருவன் அவரைச் சுட்டான். குண்டு படவில்லை. அவர் அடுத்த இடத்தில் போய் மிச்சத் தண்டனையைத் தொடர்ந்தார்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். மறுநாள் காலையில் ரயிலுக்கு நேரம் இருந்தது. ஜோடா கரில் போய் நானும் செய்யலாமா என்று கேட்டேன். எந்த ஊர், என்ன மதம் என்று எதுவும் கேட்கவில்லை, ஒரு துணியைக் கொடுத்தார்கள். பழக்கமில்லாத முதுகு, இருபது நிமிஷத்தில் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒருவர் போனில் பேசிக்கொண்டே வந்தார், ஷூவைக் கழற்றினார், என் பக்கம் காலால் தள்ளினார். பேசியது தமிழ். மதுரைப் பக்கம் என்று நினைக்கிறேன். குனிந்து எடுத்துத் துடைத்தேன், வில்லையை நீட்டினேன். ஒரு கையால் வாங்கிக்கொண்டு போனார்.