மறு: சூடோஃபேக்கிக் ரெட்டினல் டிடாச்மென்ட் – 'போலி' வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம். கண்புரை அறுவையில் செயற்கை வில்லை (லென்ஸ்) பொருத்திய கண்ணில் விழித்திரை கழன்று எழும்புவதுதான் சூடோஃபேக்கிக் ரெட்டினல் டிடாச்மென்ட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் வந்த கருத்து இது:

> சூடோ என்றால் போலி, ஃபேக்கோஸ் என்றால் வில்லை. ஆகவே 'போலிவில்லை விழித்திரை விலகல்'. நேரடியாக இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம்.

நேரடியாக இருப்பதுதான் சிக்கல். ஃபேக்கோஸ் கிரேக்கத்தில் முதலில் பருப்பு. வில்லை என்ற பொருள் பின்னால் ஒட்டிக்கொண்டது. லத்தீன் லென்ஸும் அதே பருப்புதான். சொல்லுக்குச் சொல் என்றால் 'போலிப் பருப்புக் கண்' என்றல்லவா போக வேண்டும்! சரி, விளையாட்டு போதும். கண்புரை அறுவை முடிந்த ஒருவர் தன் அறிக்கையில் 'போலிவில்லை' என்று படித்தால், மட்டமான லென்ஸை வைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

'செயற்கைவில்லை' பரவாயில்லை. ஆனால் கான்டாக்ட் லென்ஸும் செயற்கைதானே? தவிர, கிட்டப்பார்வைக்காக இயற்கை வில்லையை எடுக்காமலே அதன் முன்னால் இன்னொன்றைச் செருகுவதும் உண்டு. அந்தக் கண்ணையும் இந்தச் சொல் இழுத்துக்கொள்ளும். இங்கே முக்கியம், பழையது போய் அதன் இடத்துக்குப் புதியது வந்தது என்பது. நாலைந்து மில்லிமீட்டர் தடித்த வில்லை இருந்த இடத்தில் மெல்லிய ஒன்று உட்காருகிறது. பின்னாலிருக்கும் விட்ரியஸ் கூழ் முன்னோக்கி நகர்கிறது, விழித்திரையிலிருந்து சீக்கிரமே கழன்றுகொள்கிறது. கழலும்போது ஓரத்தில் எங்காவது பிடித்து இழுத்தால் கிழிசல். கிழிசல் வழியே நீர் புகுந்தால் திரை எழும்பிவிடும். ஆகவே என் ஓட்டு 'மாற்றுவில்லை'க்கு. இயல்வில்லைக் கண், மாற்றுவில்லைக் கண், வில்லையிலாக் கண் என்று மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

அடுத்து 'விலகல்'. பொருத்திய வில்லை இடம் பெயர்வதையும் விலகல் என்றுதான் எழுதுகிறோம். இரண்டும் ஒரே அறிக்கையில் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம். விழித்திரையில் நடப்பது அடுக்கு பிரிவது, ஈரச் சுவரில் வண்ணத்தாள் உப்பி எழுவது மாதிரி. 'விழித்திரைப் பிரிவு' என்று எழுதித்தான் பார்த்தேன். மருத்துவமனைப் பெயர்ப்பலகை போல இருந்தது. அதனால் 'பிரிதல்'.

அப்புறம், அறுவையின் பலனைக் குறிக்க எழுதும் 'வெற்றி'. யாருடைய வெற்றி? இந்தப் பிரிதலுக்கான இரண்டு அறுவைகளை ஒப்பிட்டு 2007இல் வெளியான ஐரோப்பிய எஸ்.பி.ஆர். ஆய்வில், மாற்றுவில்லைக் கண்களில் விட்ரியஸ் நீக்கத்தால் சுமார் 72 விழுக்காட்டிலும், பக்கிள் அறுவையால் (கண்ணின் வெளியே பட்டை வைத்துத் தைப்பது) சுமார் 53 விழுக்காட்டிலும் திரை முதல் அறுவையிலேயே ஒட்டி நின்றது. இயல்வில்லைக் கண்களில் இரண்டும் 64ஐ ஒட்டியே இருந்தன. அடைமொழி மாறியதும் கணக்கு மாறுகிறது பாருங்கள், அதனால்தான் அதற்காக இவ்வளவு மல்லுக்கட்டுகிறேன். ஆனால் இது திரை ஒட்டிய கணக்கு. அறுவைக்கு முன்பே மாக்குலா (கூர்ந்து பார்க்க உதவும் விழித்திரையின் நடுப்பகுதி) பிரிந்திருந்தால், திரை அழகாக ஒட்டினாலும் எழுத்துகள் கோணலாகத் தெரியலாம். மருத்துவர் வெற்றி என்பார், நோயாளி முழிப்பார். 'வெற்றி'யை விட்டுவிட்டு 'முதலறுவை ஒட்டுகை', 'பார்வை மீட்சி' என்று இரண்டாகப் பிரித்தால் என்ன?

---

மறுமொழி:

ஐயா, கண் மருத்துவராக ஒரு வார்த்தை. 'மாற்றுவில்லை'க்கும் 'பிரிதலு'க்கும் சம்மதம். 'ஒட்டுகை'யில் மட்டும் ஒரு திருத்தம். திரையைத் தாங்கிப் பிடிக்கக் கண்ணுக்குள் விட்ட சிலிக்கோன் எண்ணெய் இருக்கும்வரை திரை ஒட்டியிருப்பதை நாங்கள் முழுக்கணக்கில் சேர்ப்பதில்லை. எண்ணெயை எடுத்த பிறகும் நிற்க வேண்டும். அதற்கு 'தாங்கலோடு ஒட்டுகை', 'தாங்கலின்றி ஒட்டுகை' என்று வைக்கலாமா?

---

மறுமொழி:

தாங்கல் அருமை, எண்ணெய்க்கும் வாயுவுக்கும் சேர்த்தே பொருந்துகிறது. எடுத்துக்கொள்கிறேன். 'பக்கிள்' மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் இடுப்பு வார்க்கொக்கிதான் நினைவுக்கு வரும். இங்கே எந்தக் கொக்கியும் இல்லை. வெளியே சிலிக்கோன் பட்டை வைத்துத் தைத்து, கண்சுவரைக் கிழிசலை நோக்கி உள்ளே அமுக்குகிறார்கள். 'வெளியமுக்கப் பட்டை' என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். எனக்கே முழுத் திருப்தி இல்லை, இன்னும் சுருக்கமாக யாராவது சொல்லுங்கள்.