ஃபாசெலிஸில் நீந்தப் போய் முட்டியைச் சிராய்த்துக்கொண்ட கதை

துருக்கியின் பழைய இடிபாட்டு நகரங்களில் எஃபெசஸ் போய்வந்தவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், நான் போனது ஃபாசெலிஸ். அதுவும் அப்படியொரு இடிபாட்டு நகரம்தான். துருக்கியின் தென்கரை. அன்டால்யாவிலிருந்து தெகிரோவா போகிற வேனில் ஏறினால் நெடுஞ்சாலை ஓரமாக இறக்கிவிடுவார்கள், அப்புறம் பைன் காட்டுக்குள் நடைதான். ஜூலை மத்தியானத்தில் ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு அதை நடந்தது என் முட்டாள்தனம்.

கி.மு. 7ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவுக் கிரேக்கர்கள் வந்து அமைத்த ஊர். இடத்துக்கு விலையாக மாவு வேண்டுமா கருவாடு வேண்டுமா என்று கேட்டதற்கு, அங்கிருந்த மேய்ப்பன் கருவாடு என்றானாம். அதனால் ஊரார் வருஷாவருஷம் அவனுக்குக் கருவாடு படைத்தார்களாம். கதைதான், ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நிலத்துண்டு, அதைச் சுற்றி மூன்று துறைமுகங்கள். ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அகலமான கல் பாவிய தெருதான் ஊரின் முதுகெலும்பு. இப்போது கண்ணில் படுவது பெரும்பாலும் ரோமானியர் காலத்தது. ஓரத்தில் குளியல் கூடம் ஒன்று தரை பெயர்ந்து கிடக்கிறது. தரையைத் தாங்கிய செங்கல் தூண்கள் முழங்கால் உயரத்துக்குக்கூட இல்லை, தரை சூடாக இருக்க அவற்றுக்கு நடுவேதான் சூடான காற்றை ஓடவிட்டார்கள். அலெக்சாண்டர் கி.மு. 334-333 குளிர்காலத்தில் இங்கே தங்கியபோது, ஒரு ராத்திரி குடித்துவிட்டு தியோதெக்டஸ் என்ற உள்ளூர் நாடகாசிரியரின் சிலைக்கு மாலை போட்டார் என்று பழைய கிரேக்க எழுத்தாளர் புளுடார்க் எழுதியிருக்கிறார். நானும் அந்தத் தெருவில் அந்தச் சிலை எங்கே என்று பார்த்துக்கொண்டே நடந்தேன், சிலையில்லாமல் பீடம் பீடமாகத்தான் இருக்கிறது.

சரி, முட்டி விஷயம். வேர்வை தாங்காமல் நடுத்துறையில் இறங்கினேன், எல்லோரும் அங்கேதான் குளிக்கிறார்கள். கொஞ்ச தூரம் நீந்தியிருப்பேன், இடுப்பளவு ஆழம்கூட இல்லாத இடத்தில் முட்டி எதன்மேலோ உரசித் தோல் வழன்றுவிட்டது. பாறை என்று நினைத்துத் திட்டிக்கொண்டே நீச்சல் கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தால், நேர்விளிம்போடு செதுக்கிய கல், அதை ஒட்டி அடுத்தது, அதற்கப்பால் இன்னொன்று. பழைய அலைதடுப்புச் சுவர். இடுக்குகளில் முள்ளு முள்ளாய்க் கருத்த உருண்டைப் பிராணிகள், அதில் கை வைத்திருந்தால் கதை வேறு. கரையில் தர்பூசணி தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் என் முட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, ஒரு துண்டு நீட்டினார்.

ஈரத்துணியோடு நாடக அரங்கின் மேல்படியில் போய் உட்கார்ந்தேன். எதிரே 2,365 மீட்டர் தஹ்தலி மலை. அமைதியாக இருந்திருக்கும், கீழே நங்கூரம் போட்ட உல்லாசப் படகுகள் போட்டி போட்டுக்கொண்டு பாட்டை அலறவிடாமல் இருந்தால். போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீரில் இறங்கும்போது ரப்பர் செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.