உழைப்பவர் வரி கட்டட்டும், மூன்றாவது குழந்தைக்கு அரசு கட்டட்டும்: இது நியாயமா?

குரோய்டன் குமரன்:
2025 நவம்பர் 26 பட்ஜெட் உரையில் பிரிட்டன் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இரண்டு காரியங்களைச் செய்தார். வருமான வரி வரம்புகளை 2031 வரை அசையாமல் நிறுத்தினார். சம்பளம் எவ்வளவு ஏறினாலும் வரியில்லாத தொகை 12,570 பவுண்டிலேயே நிற்கும். ஏறுகிற ஒவ்வொரு பவுண்டிலும் அரசுக்குப் பங்கு உண்டு. அதே உரையில், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையில் இருந்த இரண்டு குழந்தை வரம்பை 2026 ஏப்ரலில் இருந்து நீக்குவதாகவும் அறிவித்தார்.

தெரியாதவர்களுக்காக: 2015இல் அன்றைய நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் அறிவித்த விதி இது. 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது குழந்தைக்கும் அதற்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் யுனிவர்சல் கிரெடிட்டில் பங்கு கிடையாது என்றது அது. இழப்பு ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 பவுண்டு. சைல்ட் பெனிஃபிட் என்ற தனிக் குழந்தைத் தொகை மட்டும் எல்லாக் குழந்தைகளுக்கும் வந்துகொண்டிருந்தது. இப்போது வரம்பை எடுப்பதால், இந்தப் பத்தாண்டின் முடிவில் ஆண்டுக்கு 300 கோடி பவுண்டு செலவாகும்.

நானும் என் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்டோம்; ஆசை இல்லாமல் அல்ல, கட்டுப்படியாகாது என்பதால். சொந்தச் சம்பளத்தில் வாழ்பவன் கணக்குப் பார்த்துத்தான் பிள்ளை பெற வேண்டும், உதவித்தொகையில் வாழ்பவனுக்கு அந்தக் கணக்கே வேண்டாம் என்றால், அந்த நாட்டில் எவன் ஒழுங்காக வரி கட்டுவான்? கடனுக்கு வட்டியாக மட்டும் இந்த அரசு ஆண்டுக்கு 10,000 கோடி பவுண்டுக்கு மேல் கட்டுகிறது. 2024 ஜூலையில் இதே வரம்பை எதிர்த்து வாக்களித்த ஏழு எம்.பி.க்களை, பணம் இல்லை என்று சொல்லி ஆளும் தொழிற்கட்சி இடைநீக்கம் செய்தது. பதினாறு மாதத்தில் பணம் எங்கிருந்து முளைத்தது?

படிவக்காரி:
குமரன், "உதவித்தொகையில் வாழ்பவன்" என்று ஒரு தனி சாதி இருப்பதுபோல் எழுதுகிறீர்கள். இந்த வரம்பில் மாட்டிக்கொண்ட குடும்பங்களில் பாதிக்கு மேல் வேலைக்குப் போகிற குடும்பங்கள். சனிக்கிழமைகளில் எங்கள் நூலகத்தில் நான் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வருபவர்களில் பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்பவர்கள் உண்டு, கிடங்கில் பொட்டலம் கட்டுபவர்கள் உண்டு, பள்ளிச் சமையலறையில் இருப்பவர்கள் உண்டு.

அவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை என்கிறீர்களே, பார்க்கும் கணக்கைச் சொல்கிறேன். 2025-26இல் குறைந்தபட்சக் கூலி ஒரு மணி நேரத்துக்கு 12 பவுண்டு 21 பென்ஸ். வரி வரம்பைத் தாண்டியவர் ஒரு மணி நேரம் கூடுதலாக உழைத்தால் வருமான வரியும் தேசியக் காப்புறுதியும் சேர்ந்து 28 சதவீதம் போகும், மீதி 8.79. அதில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வீதம் யுனிவர்சல் கிரெடிட்டில் குறைப்பார்கள். கையில் நிற்பது 3 பவுண்டு 96 பென்ஸ். லண்டனுக்கு வெளியே ஒருவழி பஸ் டிக்கெட்டே 3 பவுண்டு வரை போகும். நூறு பவுண்டுக்கு அறுபத்தேழரை பவுண்டு வரி கட்டு என்று ஒரு கோடீஸ்வரனிடம் சொல்லிப் பாருங்கள், மறுநாள் துபாயில் இருப்பான்.

வரம்பு கொண்டுவந்தால் பிள்ளை பெறுவது குறையும் என்றார்கள். பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் ஆய்வுகளில் தெரிந்தது. குறைந்தது அந்த வீட்டுச் சாப்பாடு.

விசாக்காரன்:
இரண்டு பேருக்கும் வணக்கம். திறன் பணியாளர் விசாவில் இருக்கிறேன். குமரன் கட்டும் அதே வரியை நானும் கட்டுகிறேன். அதற்கு மேல் சுகாதாரக் கட்டணம் என்று ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைக்கு 776, விசா வாங்கும்போதே முன்பணமாக வாங்கிக்கொண்டார்கள். எனக்கு யுனிவர்சல் கிரெடிட் கிடையாது, சைல்ட் பெனிஃபிட்டும் கிடையாது. விசாவிலேயே "பொது நிதிக்கு உரிமையில்லை" என்று எழுதியிருக்கிறது. நிரந்தர வதிவிடத்துக்கு 5 ஆண்டு என்பதைப் 10 ஆக்கப் போகிறார்கள். ஆகவே "என் வரிப்பணம்" என்று இங்கே யார் பேசினாலும், வரிசையில் எனக்குப் பின்னால் நின்று பேசுங்கள்.

குரோய்டன் குமரன்:
விசாக்காரன் தம்பி, உங்கள் குறை நியாயமானது. அதுவே என் கட்சிக்கும் வலு: கொடுக்கிற ஒருவர் வாங்கவே முடியாத இடத்தில் இருக்கிறார்.

படிவக்காரி அக்கா, அந்த 3.96 கணக்கு சரிதான். ஆனால் அது 55ஐக் குறைக்கச் சொல்லும் வாதம். 63 ஆக இருந்ததை 2021இல் 55க்குக் கொண்டுவந்தது கன்சர்வேட்டிவ் அரசு. அதைக் கைதட்டி வரவேற்றவன் நான். இந்த 300 கோடியை அங்கே போட்டு 50க்குக் கொண்டுவரலாமே! உழைப்புக்குக் கூலி கிடைத்த மாதிரி இருக்கும். மாறாக, வேலையே செய்யாத வீட்டுக்கு மூன்றாவது, நான்காவது குழந்தைக்கும் சேர்த்துக் கொடுப்பது எப்படி உழைப்பை ஊக்குவிக்கும்? அந்தக் குடும்பங்கள் உண்டா இல்லையா?

படிவக்காரி:
உண்டு. அவர்களுக்கு இந்த அறிவிப்பால் என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். லண்டனுக்கு வெளியே கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். மூவரும் 2017க்குப் பிறகு பிறந்தவர்கள். இருவருக்கும் வேலை இல்லை. 2025-26 விகிதத்தில் தம்பதியருக்கு மாதம் 628 பவுண்டு. மூன்று பிள்ளைகளுக்கும் 293 வீதம் கொடுத்தால் 878. சைல்ட் பெனிஃபிட் 262. பென்ஸையும் சேர்த்துக் கூட்டினால் 1,769.

இங்கேதான் பலர் மறந்துவிட்ட இன்னொரு பூட்டு இருக்கிறது. 2013இல் கொண்டுவந்த மொத்த உச்சவரம்பு, பெனிஃபிட் கேப். லண்டனுக்கு வெளியே குடும்பத்துக்கு ஆண்டுக்கு 22,020, அதாவது மாதம் 1,835 பவுண்டு. வாடகையும் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆக வாடகைக்கு மிஞ்சுவது 66 பவுண்டு. 66 பவுண்டுக்கு இந்த நாட்டில் கார் நிறுத்த இடம்கூட மாதக் கணக்கில் கிடைக்காது.

முன்பு மூன்றாவது பிள்ளைக்குக் கொடுக்காத காலத்திலும் இந்தக் குடும்பத்துக்கு 1,835தான் வந்தது. வாடகைப் பங்கு 359 ஆக இருந்தது, அவ்வளவுதான். ஒரு பெட்டியில் குறைத்ததை இன்னொரு பெட்டியில் எழுதுகிறார்கள். அடியில் வரும் கூட்டுத்தொகை மாறவில்லை. நீங்கள் பயப்படும் அந்த வீட்டுக்கு இந்தப் பட்ஜெட்டில் ஒரு பென்னிகூடக் கூடவில்லை. இருவருமாகச் சேர்ந்து மாதம் 846 பவுண்டு சம்பாதித்தால்தான் உச்சவரம்பு விலகும். வீட்டில் மாற்றுத்திறனாளிக்கான உதவித்தொகை வந்தாலும் விலகும். ஆக, பலன் போய்ச் சேருவது வேலை செய்கிற வீட்டுக்கும் நோயாளி இருக்கிற வீட்டுக்கும்தான். நான்கரை லட்சம் பிள்ளைகள் வறுமைக்கோட்டைத் தாண்டுவார்கள் என்று அரசு சொல்கிறது. அதில் பெரும் பங்கு உங்களைப் போல் காலையில் எழுந்து வேலைக்கு ஓடுபவர்களின் பிள்ளைகள்.

கிளாஸ்கோ கதிர்:
ஸ்காட்லாந்தில் 2021இல் இருந்து வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்கு வாரம் ஒரு தொகை தனியாகக் கொடுக்கிறோம். 2025-26இல் 27 பவுண்டு 15 பென்ஸ். மூன்றாவது, நான்காவது என்ற பேதம் கிடையாது. கிளைட் நதி இன்னும் அதே திசையில்தான் ஓடுகிறது.

குரோய்டன் குமரன்:
அந்த நதிக்கரையில் ஓரளவு நன்றாகச் சம்பாதிப்பவர்களுக்கு வருமான வரியும் எங்களைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்து எழுதுங்கள் கதிர்.

உச்சவரம்புக் கணக்கை ஏற்கிறேன். அப்படியானால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 846 பவுண்டு என்பது குறைந்தபட்சக் கூலியில் வாரம் 16 மணி நேர வேலை. குழந்தைக் காப்பகச் செலவில் 85 சதவீதம் யுனிவர்சல் கிரெடிட்டே கொடுக்கிறது. இருவரில் ஒருவர் 16 மணி நேரம் உழைத்தால் 66 பவுண்டு என்ற கதையே இல்லை. இதைக் கேட்பது கொடூரமா?

ஹாரோ பெரியவர்:
நான் 1984இல் வந்தவன். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். குழந்தைக்குக் கொடுப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, குழந்தை என்ன பாவம் செய்தது? எனக்கு வயிறு எரிவது நோயைச் சொல்லி வாங்குபவர்களைப் பார்த்து. பிப் எனப்படும் உதவித்தொகையை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 36 லட்சம் பேருக்கு மேல் வாங்குகிறார்கள். மனச்சோர்வு என்கிறார்கள், பதற்றம் என்கிறார்கள். 83 கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு ஓடிவந்த எங்களுக்கு இல்லாத பதற்றமா? 2025 கோடையில் அரசு அதைத் திருத்தப் போய், சொந்தக் கட்சி எம்.பி.க்களிடமே தோற்றுத் திரும்பியது வெட்கக்கேடு.

படிவக்காரி:
ஐயா, உங்களுக்கு இருந்த பதற்றத்தை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பதால் இன்றைக்கும் யாரையும் கேட்கக் கூடாது என்பது நியாயம் ஆகாது.

அந்தத் திருத்தம் என்ன என்று பார்ப்போம். பிப் படிவம் புள்ளிக் கணக்கில் ஓடுகிறது. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உதவி வேண்டும் என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். மொத்தம் 8 வந்தால் அன்றாட வாழ்வுக்கான தொகை உண்டு. 2025 மார்ச்சில் அன்றைய நலத்துறை அமைச்சர் லிஸ் கெண்டால் கொண்டுவந்த யோசனைப்படி 8 போதாது. ஏதாவது ஒரே செயலில் 4 புள்ளி வாங்கியிருக்க வேண்டும்.

குளிப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தோளுக்கும் இடுப்புக்கும் இடையே கழுவ இன்னொருவர் உதவி வேண்டுமென்றால் 4 புள்ளி. இடுப்புக்குக் கீழே கழுவவோ தலைமுடியை அலசவோ உதவி வேண்டுமென்றால் 2 புள்ளிதான். உடுத்துவதும் அப்படியே: மேலாடைக்கு உதவி என்றால் 4, கீழாடைக்கு 2. ஆகவே குனிய முடியாத ஒருவர், இடுப்புக்குக் கீழே பிறர் கழுவிவிட்டு, பிறர் உடுத்திவிட்டு, சமையலிலும் மற்றதிலும் இரண்டிரண்டாகச் சேர்த்து 8 வாங்கியிருந்தால், அவருக்குக் கிடைத்துவந்த வாரம் 73 பவுண்டு 90 பென்ஸ் நின்றுபோகும். உங்கள் மனச்சோர்வுக்காரர் மட்டும் அல்ல, மூட்டுவாதக்காரரும் போவார். நூற்றுக்கு மேற்பட்ட தொழிற்கட்சி எம்.பி.க்கள் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டது இதற்காக. 2025 ஜூலை 1 அன்று விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று: பிப் வேலையில்லாதவர்களுக்கானது அல்ல. வேலைக்குப் போய்க்கொண்டே வாங்கலாம். பலர் அதை வைத்துத்தான் வேலைக்கே போகிறார்கள்.

குரோய்டன் குமரன்:
அந்த 4 புள்ளி விதி அவசரத்தில் போட்டது. சீர்திருத்தம் என்ற பெயரில் நிதியமைச்சகம் 500 கோடி மிச்சம் கேட்டது, அதற்கேற்ப ஒரு விதியைத் தேடிப் பிடித்தார்கள். அதை நான் காப்பாற்றப் போவதில்லை. ஆனால் நோய் எதுவாக இருந்தாலும் பணம் மட்டுமே மருந்து என்ற முறையும் சரியில்லை. மனநல சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கும் இளைஞனுக்குச் சிகிச்சையை முதலில் கொடுங்கள்.

இருக்கட்டும், பெரியவரிடம் ஒரு கேள்வி. 2024-25இல் நலச்செலவு மொத்தம் 30,000 கோடி பவுண்டைத் தாண்டியது. அதில் அரசு ஓய்வூதியம் மட்டும் 13,800 கோடி. நாம் இத்தனை நேரம் சண்டை போட்ட மூன்றாவது குழந்தை 300 கோடி. டிரிபிள் லாக் என்று ஒன்று வைத்திருக்கிறீர்கள்: விலைவாசி, சம்பள உயர்வு, இரண்டரை சதவீதம், இவற்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் ஓய்வூதியம் ஏறும். 2023இல் 10.1 சதவீதம் ஏறியது. அந்த ஆண்டு என் அலுவலகத்தில் யாருக்கும் 10 சதவீதம் ஏறவில்லை. 2030இல் டிரிபிள் லாக்குக்கு மட்டும் ஆண்டுக்கு 1,550 கோடி ஆகும் என்கிறது பட்ஜெட் பொறுப்பு அலுவலகம். தொடக்கத்தில் மதிப்பிட்டதைப்போல மூன்று மடங்கு. சிக்கனம் பேசுகிற நான் இங்கே வாயை மூடிக்கொண்டால் அது நேர்மையல்ல.

ஹாரோ பெரியவர்:
அது தர்மப் பணம் அல்ல தம்பி. முப்பத்தைந்து ஆண்டு தேசியக் காப்புறுதி கட்டினால்தான் முழு ஓய்வூதியம். நான் கட்டினேன், வாங்குகிறேன். 2025-26இல் வாரம் 230 பவுண்டு; அதில் அரண்மனை கட்டவில்லை.

விசாக்காரன்:
ஐயா, நீங்கள் கட்டிய பணம் உங்கள் பெயரில் எங்கும் சேர்த்துவைக்கப்படவில்லை. அது அன்றைய முதியவர்களுக்குப் போனது. இன்று உங்களுக்கு வருவது என் சம்பளத்தில் இந்த மாதம் பிடித்தது. நீங்கள் கட்டியதுபோல் நானும் முப்பத்தைந்து ஆண்டு கட்ட இங்கே என்னை இருக்கவிட்டால் மகிழ்ச்சி.

படிவக்காரி:
பெரியவரின் ஓய்வூதியத்தில் கைவைக்கச் சொல்லமாட்டேன். டிரிபிள் லாக்கில் இரண்டரை சதவீதம் என்ற அந்த மூன்றாவது அளவுகோலை மட்டும் எடுத்துவிட்டு, விலைவாசி, சம்பளம் இரண்டில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஏறட்டும் என்று விட்டாலே போதும். அதைவிட எரிச்சல் வாடகை. வீட்டு வாடகை உதவியாக ஆண்டுக்கு 3,000 கோடி பவுண்டுக்கு மேல் போகிறது. அந்தப் பணம் ஏழையின் கையில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை, வீட்டுக்காரர் கணக்குக்குப் போகிறது. 1980இல் இருந்து கவுன்சில் வீடுகளை விற்றுவிட்டு, விற்ற அளவுக்குக் கட்டாமல் விட்டதன் விலை அது.

குரோய்டன் குமரன்:
வீடு கட்டுவதில் நான் உங்கள் பக்கம். மூன்றாவது குழந்தையில் இன்னும் இல்லை. அந்த 300 கோடிக்கு ஈடாக டிரிபிள் லாக்கைத் தொடுவோம் என்று ஒரு பெரிய கட்சி தேர்தல் அறிக்கையில் எழுதட்டும், அன்றைக்கு யோசிக்கிறேன்.

ஹாரோ பெரியவர்:
எழுதமாட்டார்கள். 2024இல் முதியவர்களுக்கான குளிர்கால எரிபொருள் பணத்தை ஒரு கோடிப் பேரிடம் பிடுங்கினார்கள். 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் நாங்கள் வாக்குச்சாவடிக்குப் போனோம்; ஜூனில் 35,000 பவுண்டு வரை வருமானம் உள்ள எல்லோருக்கும் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தார்கள். உங்கள் அலுவலகத்தில் அன்றைக்கு எத்தனை பேர் வாக்களிக்கப் போனார்கள் குமரன்?