குண்டு நாயை இளைக்க வைத்தவர்கள் வாருங்கள்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

தாம்பரத்து மருமகள்

எங்கள் வீட்டுக் கருப்பு லாப்ரடாரின் பெயர் சிங்காரம். வயது ஆறு. போன ஆடி மாதம் தடுப்பூசிக்கு அழைத்துப் போனபோது எடை மேடையில் ஏற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். முன்னால் கணவர் இழுக்க, பின்னால் நான் தள்ள, ஒருவழியாக ஏறினான். 41.2 கிலோ.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். தன் கையை இறுக மூடி, விரல் முட்டிகளின் மேல் தடவிப் பார்க்கச் சொன்னார். விலா எலும்பு இப்படித் தட்டுப்பட்டால் நாய் மெலிந்திருக்கிறது. கையை விரித்துப் புறங்கையைத் தடவச் சொன்னார். இப்படி இருந்தால் சரியான எடை. அடுத்து உள்ளங்கையைத் திருப்பி, கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையை அழுத்தச் சொன்னார். "இப்போது உங்கள் பையனைத் தொட்டுப் பாருங்கள்" என்றார். தொட்டேன். விலா கிடைக்கவே இல்லை.

உடல்வாகுக்கு ஒன்பது வரை மதிப்பெண் போடுவார்களாம். நான்கு, ஐந்து நல்லது. ஐந்துக்கு மேல் ஒவ்வொரு மதிப்பெண்ணும் ஏறக்குறைய பத்து சதவீத அதிக எடை. சிங்காரத்துக்கு எட்டு. பரீட்சையில் மகன் எட்டு வாங்கி வந்திருந்தால்கூட நான் அவ்வளவு வெட்கப்பட்டிருக்க மாட்டேன். ரத்தப் பரிசோதனையில் தைராய்டு, சர்க்கரை எல்லாம் சரியாக இருந்தன. அதாவது நோய் இல்லை, குற்றவாளிகள் வீட்டுக்குள்தான்.

உடனே உணவைக் குறைக்க வேண்டாம், ஒரு வாரம் வாயில் போவதை எல்லாம் எழுதி வாருங்கள் என்றார் டாக்டர். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, நூலில் பென்சில் கட்டினேன். யார் எதைக் கொடுத்தாலும் எழுத வேண்டும். முதல் நாள் கணக்கு இது: உலர் தீவனம் 400 கிராம், இது நான். இரண்டு இட்லி, மாமனார். மேரி பிஸ்கட் பதினொன்று, மாமியார், இரண்டு பிள்ளைகள், மறுபடியும் மாமனார். சாப்பிட்டு முடித்த தட்டில் மிஞ்சிய தயிர்சாதம், கணவர். அரை டம்ளர் பால், "குடித்தால் நன்றாகத் தூங்குவான்" என்று மாமியார். ஒரு மேரி பிஸ்கட் சுமார் 25 கலோரி. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு 2,000 கலோரியைத் தாண்டியது. நான் போட்ட 400 கிராமில் வந்தது 1,400தான். மீதி எல்லாம் பாசம்.

டாக்டர் போட்ட கணக்கு வேறு. இப்போதைய எடைக்கு அல்ல, இருக்க வேண்டிய எடைக்குத்தான் உணவு. 32 கிலோ நாய் சும்மா படுத்திருந்தாலே ஆகும் செலவு சுமார் 940 கலோரி. அதைத்தான் கொடுக்கச் சொன்னார். பழைய தீவனத்தையே பாதியாக்கிவிடலாமே என்று கேட்டேன். கூடாதாம். அளவைப் பாதியாக்கினால் புரதமும் வைட்டமினும் சேர்ந்து பாதியாகிவிடும்; கொழுப்பு கரைவதற்குப் பதில் தசை கரையும். எடை குறைப்பதற்கென்றே இருக்கும் தீவனத்தை எழுதிக் கொடுத்தார். 100 கிராமுக்கு 300 கலோரி, நாளுக்கு 310 கிராம். பழையதோடு கலந்து கலந்து ஒரு வாரத்தில் முழுதாக மாற்றினோம். வாரத்துக்கு உடல் எடையில் ஒரு சதவீதம் இறங்கினால் நல்லது, இரண்டைத் தாண்டக் கூடாது என்றார்.

டம்ளரால் அளந்ததை அன்றோடு நிறுத்தினேன். அதே டம்ளரில் நான் அளந்தால் 90 கிராம், கணவர் அளந்தால் 115. இப்போது சமையலறைத் தராசுதான்.

சிக்கல் மாமனாரிடம் இருந்தது. ஓய்வு பெற்றவர், காலைக் காப்பிக்கு அவருக்குத் துணை சிங்காரம்தான். வேட்டி மடியில் பிஸ்கட் வைத்திருப்பார். "மாமா, கொடுக்காதீர்கள்" என்று சொன்ன அன்று அவர் பதில் பேசவில்லை, காப்பியும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு வழி தோன்றியது. அந்த 310 கிராமிலிருந்தே 40 கிராமை எடுத்து, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, "இது உங்கள் பாட்டில் மாமா, நாள் முழுவதற்கும் இதுதான், நீங்கள்தான் பொறுப்பு" என்று கொடுத்தேன். அதற்குப் பிறகு பிள்ளைகள் சிங்காரத்துக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் தாத்தாவிடம் அனுமதி வாங்க வேண்டும். அவர் ஒவ்வொரு தீவன மணியாக எண்ணிக் கொடுக்கிறார். ரேஷன் கடையில் அளப்பவர்கூட அவ்வளவு கறார் கிடையாது.

ஆறு வாரத்தில் 39.1 கிலோ. மற்றவர்கள் கதையையும் கேட்க ஆசை. மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

ராஜபாளையம் நாய்க்காரன்

எனக்கு நேர் எதிரான கதை. என் நாய்க்கு இடுப்பு ஒடுங்கி, கடைசி இரண்டு விலா எலும்புகள் லேசாகத் தெரியும். வேட்டை நாயின் உடம்பு அப்படித்தான் இருக்கும். தெருவில் போகிற எல்லோரும் "சோறு போடுவதில்லையா?" என்று என்னைக் கேட்கிறார்கள். அதே தெருவில் நடக்க முடியாமல் உருளும் லாப்ரடாரைப் பார்த்து "என்ன செழிப்பு!" என்கிறார்கள். கொழுகொழு நாயைப் பார்த்துப் பார்த்து நம் கண் கெட்டுப்போய்விட்டது.

ஈரோட்டிலிருந்து ஒரு எச்சரிக்கை

தாம்பரத்து அக்கா செய்தது சரி. நான் செய்ததைச் சொல்கிறேன், யாரும் செய்ய வேண்டாம். எங்களுடையது ஸ்பிட்ஸ், 11 கிலோ. யாரையும் கேட்காமல், ஒரே நாளில் சாப்பாட்டைப் பாதிக்கும் கீழே குறைத்தேன். நாலாம் நாள் குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து மாங்கொட்டையை விழுங்கிவிட்டது. மறுநாள் வாந்தி, தண்ணீர்கூடத் தங்கவில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன், பிறகு வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். பட்டினி போட்ட நாய் எதையும் தின்னும் என்பது எனக்கு உறைக்க 23 தையல் ஆனது.

தையல் ஆறிய பிறகு முறையாகத் தொடங்கினோம். ஒரு நாள் உணவை மூன்று வேளையாகப் பிரித்தோம். வயிறு நிறைய அவித்த பீன்ஸ், வெள்ளரிக்காய், கொஞ்சம் பூசணி, உப்பு எண்ணெய் இல்லாமல். பொரியலில் மிஞ்சியதைப் போட்டுவிடாதீர்கள், அதில் வெங்காயம் இருக்கும். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் ஆகாது, உலர்ந்ததும் சேர்த்துத்தான். இப்போது 8.6 கிலோ. குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டுவிட்டோம்.

மதுரை பக் வீட்டம்மா

சாப்பாடு பற்றியே எல்லோரும் சொல்கிறீர்கள், நான் நடையைப் பற்றிச் சொல்கிறேன். நடந்தால் இளைக்கும் என்று என் பக் நாயை சித்திரை மாதத்தில் மாலை நாலரை மணிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தெருமுனை தாண்டுவதற்குள் குறட்டை போல மூச்சு. நாக்கு கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. அப்படியே படுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குழாயைத் திறந்து உடம்பெல்லாம் நனைத்து, ஆட்டோவில் ஜன்னல் ஓரம் காற்றுப் பட வைத்துக்கொண்டு ஓடினேன். பிழைத்தது.

சப்பை மூக்கு நாய்க்கு மூச்சால் சூட்டை வெளியேற்றும் வழியே குறுகல். அதன் மேல் கொழுப்பு வேறு போர்வை போர்த்தியது போல. இப்போது விடிவதற்கு முன் ஐந்து மணிக்குப் பத்து நிமிடம், இரவு ஒன்பதுக்கு மேல் பத்து நிமிடம். கிளம்பும் முன் புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஏழு எண்ணுவேன். என் கை பொறுக்கவில்லை என்றால் அதன் பாதமும் பொறுக்காது. எடை குறைந்தது உணவால்தான், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நடையால் தசை நின்றது, அதற்குக் கொஞ்சம் உற்சாகம் வந்தது.

கோவை பீகிள்

அளந்து போட்டும் குறையாத நாயும் உண்டு. எங்கள் பீகிளுக்கு மூன்று மாதம் தராசு வைத்துத்தான் போட்டேன். 300 கிராம்கூட இறங்கவில்லை. யாரோ திருட்டுத்தனமாகக் கொடுக்கிறார்கள் என்று வீட்டு வேலைக்கு வரும் அக்காவைக்கூடச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் கவனித்தேன்: வாலில் முடி கொட்டி எலி வால் போல ஆகியிருந்தது, உச்சி வெயிலில் போய்ப் படுத்தது, கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பியது. ரத்தத்தில் தைராய்டின் நிலையைக் காட்டும் டி4, டிஎஸ்எச் அளவுகளைப் பார்த்தார்கள். தைராய்டு குறைவு. காலையும் மாலையும் மாத்திரை தொடங்கி மூன்றாம் வாரம் தானாகப் பந்தை எடுத்துக்கொண்டு வந்தது. எடை அதன் பிறகு இறங்கியது.

வயிறு மட்டும் பானை போலத் தொங்கி, தண்ணீர் அதிகம் குடித்து, அடிக்கடி சிறுநீர் போனால் அது வேறு சுரப்பியின் கோளாறாக இருக்கலாம். அரிப்புக்காக ஸ்டீராய்டு போகும் நாய்களும் ஊதும். உணவைக் குறைக்கும் முன் பரிசோதனை. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு எதற்கென்று புரியவில்லை.

லாப்ரடார் மாணவன்

தாம்பரத்து அக்காவுக்கு ஓர் ஆறுதல். லாப்ரடாரின் பசி முழுவதும் வளர்ப்பவர் தப்பு இல்லை. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் பிஓஎம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். லாப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இது உண்டு. "போதும்" என்று மூளைக்குச் சொல்லும் செய்தி அந்த நாய்களுக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. சாப்பிட்ட அரை மணியில் மறுபடியும் கண் கலங்கப் பார்ப்பது நடிப்பு அல்ல, உண்மைப் பசி. கருத்தடை அறுவைக்குப் பிறகு எந்த நாய்க்கும் உணவுத் தேவை குறையும்; அதையும் நம்மில் பலர் கணக்கில் எடுப்பதில்லை.

விழுப்புரம் தாத்தா

நான் கொடுக்கும் பக்கத்து ஆள். அதனால் எழுதுகிறேன்.

மனைவி போன பிறகு நானும் நாயும் மட்டும். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்காது. எனக்கு ஒரு கவளம், அதற்கு ஒரு கவளம். மருமகனும் மகளும் வரும்போதெல்லாம் திட்டுவார்கள். இரண்டு வருடத்தில் முழங்கால் தசைநார் அறுந்து, பின்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் வந்தது. அறுவைக்கு முன் எடை குறைத்தாக வேண்டும் என்றார்கள். மகள் ஓர் ஆராய்ச்சியைப் படித்துக் காட்டினாள். 48 லாப்ரடார் குட்டிகளைக் கூடப்பிறந்தவையாக இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாகவே கடைசி வரை போட்டார்களாம். 2002இல் வந்த முடிவில், குறைவாகச் சாப்பிட்டவை ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக இருந்தன. மூட்டு வலியும் தாமதமாகத்தான் வந்தது.

இரண்டு வருடம் என்றதும் கையில் இருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். எனக்கும் எழுபத்து நான்கு ஆகிறது. யார் முன்னால் போவது என்பது எங்களுக்குள் ஒரு கணக்கு.

இப்போது நான் சாப்பிடும்போது அதன் அளந்த தீவனத்தை ஓட்டை போட்ட பந்துக்குள் போட்டு உருட்டிவிடுகிறேன். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அதுவும் உருட்டி உருட்டித் தின்கிறது. சேர்ந்து சாப்பிடுகிற மாதிரிதான். சாப்பிட்ட பிறகு சீப்பு எடுத்து வாரிவிடுகிறேன். பிஸ்கட் கேட்டு வந்ததில் பாதி அதற்காகத்தான் வந்திருக்கிறது.

தாம்பரத்து மருமகள்

தாத்தா, உங்கள் பந்து யோசனையை மாமாவிடம் படித்துக் காட்டினேன். அதே மாதிரி ஒன்று வேண்டுமாம் அவருக்கு.

மீதிக் கதை. பத்தாவது வாரத்தில் 37.8 கிலோவில் வந்து முளையடித்தது போல நின்றுவிட்டது. நான்கு வாரம் அசையவில்லை. எடை இறங்க இறங்க உடம்பும் சிக்கனம் பிடிக்கத் தொடங்கும், இது எல்லா நாய்க்கும் நடக்கும், பத்து சதவீதம் குறைக்கலாம் என்றார் டாக்டர். குறைப்பதற்கு முன், பழையபடி ஒரு வாரம் எழுதிப் பார்த்தேன். தாளில் தவறே இல்லை. ஆனால் மாலை நடையில் சிங்காரம் எங்கள் குடியிருப்பின் காவலாளி அறைப் பக்கம் மட்டும் வேகம் பிடிப்பதைக் கவனித்தேன். அன்று அவனைக் குனிந்து பார்த்தேன். மீசை முடியில் பன்னின் துகள். கழுத்துப்பட்டையின் வார்ப்பூட்டில் சர்க்கரை ஒட்டியிருந்தது. காவலாளி அண்ணன் தன் நாலு மணித் தேநீருக்கு வாங்கும் பன்னில் பாதியை ஒரு மாதமாக இவனுக்குக் கொடுத்து வந்திருக்கிறார். தன் பசியில் பாதி. கோபப்பட எனக்கு வாய் வரவில்லை. "நாய் இளைத்துப் போயிருந்ததே அம்மா, அதனால்தான்" என்றார்.

அவருக்கும் மாமா தன் பாட்டிலிலிருந்து ஒரு சின்ன டப்பியில் பத்துத் தீவன மணிகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். தன் பங்கில் கைவைத்ததற்கு இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எட்டு மாதம் முடிந்து இப்போது 33.4 கிலோ. வாரத்துக்கு ஒரு சதவீதம்கூட வரவில்லை, மெதுவாகத்தான் போகிறது; அது போதும் என்கிறார் டாக்டர். இன்னும் ஒன்றரை கிலோ இருக்கிறது. மாடிப்படியில் நடுவே உட்கார்ந்து மூச்சு வாங்குவது நின்றுவிட்டது. போன வாரம் எடை போடப் போனோம். மேடையைப் பார்த்ததும் தானே ஏறி, எண் தெரிவதற்குள் மாமாவின் சட்டைப் பைக்கு நேராக மூக்கை நீட்டினான். மாமா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஒரு விரலைக் காட்டினார். மாமா பாட்டிலைத் திறந்து, ஒன்றே ஒன்றை எடுத்து, இரண்டாக உடைத்துக் கொடுத்தார்.