கோத்தகிரி மழையில பர்த்டே பார்ட்டி, ஐடியா வேணும்

வர்ற சனிக்கிழமை பொண்ணுக்கு 6 வயசு முடியுது, பட்ஜெட் மொத்தமே 2500 ரூபா, வர்றது 14 வாண்டுங்க. ஹால் பத்துக்குப் பன்னெண்டு அடிதான். மொட்டைமாடில வச்சுக்கலாம்னு இருந்தேன், ஐப்பசி மழை நாலு நாளா விடல, தார்ப்பாய் கட்டிப் பாத்தேன், ராத்திரி காத்துல பிச்சுக்கிட்டுப் போய் பக்கத்து வீட்டு பீன்ஸ் பந்தல் மேல கிடக்குது. மண்டபம் கேட்டா வாடகையே 4000ங்கறாங்க. சாப்பாட்டுக்குக் கவலையில்ல, கேக் ஒரு கிலோ சொல்லியாச்சு, கூட வர்க்கியும் அவிச்ச கடலையும், பிளாஸ்டிக் தட்டு நீலகிரில தடைங்கறதால பாக்குமட்டை வாங்கிட்டேன். மியூசிக்கல் சேர் ட்ரையல் பாத்தோம், மூணு பசங்களுக்கே டிவி ஸ்டாண்டு ஆடிருச்சு. பாஸிங் த பார்சல் பத்தே நிமிஷத்துல போரடிச்சிருச்சு.

இவ்வளவு இடத்துல, உக்காந்தபடியே, இந்தப் பசங்கள ரெண்டு மணி நேரம் கட்டிப்போட என்ன விளையாட்டு வைக்கலாம்?