மறு: ‘பை டிஃபால்ட்’ – வாக்கியத்துக்குள் எப்படி எழுதுவது?

> ‘முன்னிருப்பு’ ஏற்கெனவே பல மென்பொருள்களில் ஏறிவிட்டது. இனி எதற்கு மாற்ற வேண்டும்?

வணக்கம். நாம் ஒவ்வொரு முறையும் சொல்லாமலே மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பைத்தான் ஆங்கிலத்தில் ‘டிஃபால்ட்’ என்கிறார்கள், அதற்கான தமிழ்ச்சொல் பற்றியதே இந்தப் பேச்சு. தனிச்சொல்லாக நிற்கும்போது ‘முன்னிருப்பு’ பெரிய தொல்லையில்லை. கணக்கு எழுதுகிறவர்களுக்குத் தொடக்க இருப்பு போலக் கேட்கும், அவ்வளவுதான். சிக்கல் வாக்கியத்துக்குள் வரும்போதுதான். ‘அறிவிப்புகள் முன்னிருப்பாக அணைக்கப்பட்டுள்ளன’ என்று உதவிப் பக்கத்தில் எழுதுகிறோம், சரி, படிப்பவர் நேற்றே அவற்றை இயக்கியிருந்தால்? ‘அணைக்கப்பட்டுள்ளன’ என்றால் யாரோ அணைத்தார்கள், இப்போதும் அணைந்தே கிடக்கின்றன என்றுதான் தமிழில் பொருள். ‘பை டிஃபால்ட்’ என்ற ஆங்கிலத் தொடர் சொல்வது அதை அல்ல. நீங்கள் கை வைக்காதவரை இப்படித்தான் இருக்கும் என்பதை. அதற்கு நம் வினைமுற்றே போதும்: ‘நீங்கள் மாற்றாதவரை அறிவிப்புகள் அணைந்தே இருக்கும்.’ கலைச்சொல்லே தேவைப்படவில்லை பாருங்கள். அதேபோல ‘முகவரியில் துறை எண் தராவிட்டால் உலாவி எச்டிடிபிஎஸ்ஸுக்கு 443-ஐ எடுத்துக்கொள்ளும்’ (துறை எண் என்பது எந்தச் சேவைக்கான இணைப்பு என்று காட்டும் ‘போர்ட்’ எண், எச்டிடிபிஎஸ் என்பது வலைத்தளங்களுடன் பாதுகாப்பாகப் பேசும் முறை). எந்தக் கலைச்சொல்லை ஏற்றுக்கொண்டாலும் உதவிப் பக்கங்களில் இப்படித்தான் எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் பொத்தானில் இவ்வளவு நீளம் எழுத முடியாது, அங்கே ஒரு சொல் வேண்டும். ‘இயல்புநிலை’ வேண்டாம். வெள்ளம் வடிந்து ஊர் இயல்புநிலைக்குத் திரும்பியது என்று நாளிதழில் படிக்கிறோமே, அந்தப் பொருள்தான் முதலில் மனத்தில் வரும். அப்புறம் ‘நார்மல்’ என்பதற்கும் அதே சொல்தான் நம்மிடம் இருக்கிறது. வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் எழுத்தின் தடிமனுக்கு டிஃபால்ட் மதிப்பே நார்மல்தான், அதை ‘இயல்புநிலை மதிப்பு இயல்புநிலை’ என்றா எழுதுவது? இன்னொருவர் சொன்ன ‘கொடாநிலை’ பொருளில் அழகாகப் பொருந்துகிறது, யாரும் எதுவும் கொடுக்காத நிலை. ஆனால் டிஃபால்ட் உலாவி எது என்பதை நாமே கொடுத்து வைக்கிறோம், அங்கே அது தலைகீழாகிவிடும்.

அதனால் என் முன்மொழிவு ‘முன்தெரிவு’. தயாரித்தவர் தெரிவு செய்து வைத்தாலும் பயனர் தெரிவு செய்து வைத்தாலும் பொருந்தும்: முன்தெரிவு உலாவி, முன்தெரிவாக வை, முன்தெரிவுக்குத் திரும்பு. ‘முன்தேர்வு’ என்றால் தமிழ்நாட்டில் பரீட்சை நினைவுதான் வரும். ‘தெரிவு’ இலங்கையில் அன்றாடச் சொல், பாராளுமன்றத் தெரிவுக்குழு என்றே வழங்குகிறது, இங்கேயும் புரியும்.

வங்கிக் கடனில் வரும் டிஃபால்ட்டை இதில் கலக்க வேண்டாம், அதற்குத் ‘தவணை தவறுதல்’ இருக்கிறது. நிதி மென்பொருள்களை மொழிபெயர்ப்பவர்கள், மென்பொருளின் சொற்கள் மொழிபெயர்ப்புக்கு வரும் கெட்டெக்ஸ்ட் கோப்பில் சூழல் குறிப்பு இல்லையென்றால் நிரலாளரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள், இரண்டு பொருளுக்கும் ஒரே சரம் (மொழிபெயர்க்க வேண்டிய சொல் அல்லது தொடர்) இருந்தால் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு இடிக்கும் ஒரே இடம் வலையமைப்பில் வரும் ‘டிஃபால்ட் ரூட்’. தரவை அனுப்ப வேறு எந்த வழியும் பொருந்தாதபோது கடைசியாகப் பிடிக்கும் வழி அது, அதற்கு ‘முன்’ என்ற ஒட்டு உறுத்துகிறது. வலையமைப்பு வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: ‘முன்தெரிவு வழி’ உங்கள் காதுக்குச் சரியாகப் படுகிறதா, அல்லது அதற்கு மட்டும் ‘எஞ்சுவழி’ போல ஒன்று வைக்கலாமா?